ஒன்பதாம் இலக்கத்துக்காரன்

நிரூபன் அந்தத் தாளைக் கொண்டுவந்தபோது டொலறஸ் தமிழ்ப் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கேத்தலைப் பிடித்திருந்ததால் அவன் தாளை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்கச் சீனிப் போத்தலைத் தூக்கி மேலே வைத்தான்.

"அன்ரி, இது கொமிற்றியின்ரை லிஸ்ட். வாசிச்சிட்டு உங்கடை லிஸ்ட்டையும் தாங்கோ. மலரிலை ரண்டையும் பக்கம் பக்கமாப் போடப்போறன்."

"என்ரையோ? எனக்கு என்ன தம்பி தெரியும்?"

"சும்மா விடுங்கோ. முப்பது வருசமா ஒரு மட்ச் விடாமல் பாத்த ஆள் நீங்கள் ஒராள்தான். விளையாடினவையே அவ்வளவுக்கு வரேல்லை."

வெள்ளைமுனை மன்னார்க் கரையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊர்க்காரர் லண்டனில் நடத்தும் செபஸ்தியார் விளையாட்டுக் கழகத்துக்கு இந்த வருடம் முப்பது வயது. அதற்காக ஒரு மலர் வரப்போகிறது. கழகத்தில் எக்காலத்திலும் சிறந்த பத்து உதைபந்தாட்ட வீரர்களை அதில் வரிசைப்படுத்திப் போட வேண்டும் என்பது நிரூபனின் யோசனை. கணினி வேலை செய்கிறவன். கோல் கணக்கு எழுதிய பழைய கொப்பிகளையெல்லாம் தேடிப் பிடித்து வைத்திருந்தான்.

டொலறஸ் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அச்செழுத்தை விரல் வைத்துத்தான் வாசிப்பாள். இரண்டாவது இடத்தில் தன் கணவன் கஸ்பரின் பெயரைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோல் கீப்பர்தான். ஆனாலும் இரண்டாவதா? பிறகு விரல் மேலே ஏறி முதலாவது பெயரில் நின்றது.

'றொனால்ட். 1997 முதல் 2001 வரை. இலக்கம் ஒன்பது. ஐந்து கோடைகளில் ஐம்பத்தெட்டு கோல்கள். மூன்று கோப்பைகள்.'

அவள் இன்னொரு முறை வாசித்தாள். 1996இல் ஒரு கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவர் றொனால்ட். அதன் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட அவர் ஓடியதில்லை. இப்போது அவர்தான் கழகத்தின் தலைவர். மண்டபத்தின் அந்தக் கரையில், வழக்கம்போல ஒரு காலை நேரே நீட்டிக்கொண்டு கேக் சாப்பிட்டபடி இருந்தார். டொலறஸ் நிமிர்ந்து பார்த்தபோது அவரும் பார்த்தார். பார்த்தவர் உடனே தட்டுக்குக் குனிந்துகொண்டார். கேக்கில் அவ்வளவு உற்றுப் பார்க்க என்ன இருக்கிறது?

தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

டொலறஸ் கூட்டத்தில் பேசமாட்டாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது மடல் சிவந்துவிடும். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் பேசும்போது காணாததையெல்லாம் அவள் கண்டு வைத்திருந்தாள். லண்டனுக்கு வந்த இரண்டாம் கோடையில், வீட்டில் தனியே இருக்கப் பயந்து கஸ்பரோடு மைதானத்துக்குப் போனாள். மூலைக் கொடிக்குப் பக்கத்தில் ஜேர்சி மூட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். அன்று தொடங்கியது. ஹோட்டல் ஒன்றின் லோண்டரியில் அவளுக்கு வேலை. ஆகவே ஜேர்சி தோய்ப்பதும் அவளுக்குத்தான் வரும் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் பேச வேண்டுமே.

பந்து யாரிடம் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்த மூச்சில் என்ன செய்கிறான் என்பதைத்தான் அவள் பார்ப்பாள். சிலர் இடுப்பில் கை வைப்பார்கள், சிலர் நடுவரைத் திட்டுவார்கள், ஒரு சிலர் மட்டும் திரும்பி ஓடுவார்கள். வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்தால் மிச்சக் கதை துணியில் இருக்கும். முழங்கைப் பக்கம் சேறு பிடித்தவன், முதுகில் புல் ஒட்டியவன், ஒன்றுமே படாமல் தோய்க்கத் தேவையில்லாத சட்டையைக் கழற்றிப் போட்டவன். யார் எப்படி விளையாடினான் என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ தெரியாது.

அந்த ஐந்து கோடையும் ஒன்பதாம் இலக்கத்தை யார் போட்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அவன் பெயர் வாமதேவன்.

மாலையில் கஸ்பர் சோற்றுக்கு இருந்தபோது தாளைப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"நீங்கள் ரண்டாவதோ?"

"ஓம். நான் என்ன செய்ய? சனத்தின்ரை தீர்ப்பு."

"சனம் எண்டால் ஆர்?"

"கொமிற்றி."

"கொமிற்றி எண்டால்?"

"நான், றொனால்ட், நிரூபன்." கஸ்பர் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானார்.

"அப்ப முதலாவது?"

"கொப்பியிலை அப்பிடித்தான் கிடக்கு. அந்தப் பெடியன் கொப்பியைப் பாத்துத்தானே எழுதுறான்."

"கொப்பியிலை கிடக்கும். நீங்கள் அவனுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

கஸ்பர் கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் நுனியால் துடைக்கத் தொடங்கினார். சோற்றுக் கையை மறந்துபோனதில் ஒரு பக்கக் கண்ணாடியில் குழம்பு பூசியது. உண்மை சொல்லும்போது அவர் கண்ணாடியைத் தொடுவதில்லை. டொலறஸ் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள், அவர் வேலைக்குப் போனதும், அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய அல்பத்தை இறக்கினாள். 1998இல் முதல் கோப்பை வென்றபோது எடுத்த படம் ஒன்பதாம் பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்கவில்லை. நான்கு மூலையிலும் காய்ந்த பசை மட்டும் இருந்தது. 1999ஆம் ஆண்டுப் படமும் இல்லை. 2001ஆம் ஆண்டுப் படமும் இல்லை. தோற்ற வருடங்களின் படங்களெல்லாம் பத்திரமாக இருந்தன.

கேட்டால், தண்ணீர்க் குழாய் வெடித்தபோது பழுதாகிவிட்டது என்பார். மூன்றே மூன்று படத்தில் மட்டும் விழுந்த தண்ணீர். அவள் அல்பத்தை இருந்தபடியே மேலே வைத்தாள். எப்போது எடுத்திருப்பார்? நிரூபன் மலர் என்று தொடங்கிய பிறகா, இல்லை இருபது வருடத்துக்கு முன்பேயா? இரண்டில் எது மோசம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நடந்தது இதுதான். கோடையில் நடக்கும் சுற்றுப்போட்டியில் ஊருக்கொரு கழகம். அந்தந்த ஊர்ப் பெடியன்கள் மட்டுமே விளையாடலாம். ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்க வேண்டும். ஆளுக்கொரு அடையாளக் கார்ட், அதில் படம், படத்தின் மேல் முத்திரை. வாமதேவனுக்கு ஊர் இல்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம் அது. அந்தக் குடியேற்றமும் பிறகு சண்டையில் அழிந்துபோனது. லண்டனில் அந்த இடத்தின் பெயரில் கழகம் நடத்த மூன்று பேர்கூட இல்லை. கஸ்பரோடு வேலை செய்த ஒருவர் மூலமாக டொலறஸ் வீட்டுச் சின்ன அறைக்கு வாடகைக்கு வந்தவன், ஒருநாள் பூங்காவில் பந்து தட்டுவதைக் கஸ்பர் கண்டார். றொனால்டின் கார்ட் சும்மா கிடந்தது. படத்தை மாற்றி ஒட்டுவது பெரிய வேலை இல்லை.

பேச்சுத்தான் பெரிய வேலையாக இருந்தது. 'ஓம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவனுக்கு 'ஆமா' என்றுதான் வரும். 'இஞ்சால விடு' என்று கத்த வேண்டிய இடத்தில் 'இங்கிட்டு போடுங்க' என்பான். அதைக் கேட்டால் எந்த ஊர்க்காரனும் திரும்பிப் பார்ப்பான். ஆகவே கஸ்பர் ஒரு சட்டம் போட்டார்: மைதானத்துக்குள் வாயைத் திறக்கவே கூடாது. மற்றவர்கள் அவனை றொனால்ட் என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற சின்னப் பிள்ளைகளும் அதைக் கேட்டு "றொனால்ட், றொனால்ட்" என்று கத்தினார்கள். கொப்பியிலும் அப்படியே ஏறியது. ஐந்து வருடமாக அவன் ஒரு சொல் பேசாமல் கோல் அடித்தான். டொலறஸுக்கு மட்டும் அந்தப் பொய்ப் பெயர் வாயில் வரவில்லை. அவள் கை தட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

புதன்கிழமை நான்கு மணிக்குக் கதவு மணி அடித்தது. றொனால்ட். கையில் ஒரு பெட்டி பற்றிஸ் பலகாரம். கஸ்பர் ஆறு மணிக்குத்தான் வருவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன றொனால்ட், உங்கடை மச்சான் இன்னும் வரேல்லையே."

"தெரியும் அக்கா. உங்களைத்தான் பாக்க வந்தனான்."

முப்பது வருடத்தில் அவளைப் பார்க்கவென்று அவர் வந்ததில்லை. பற்றிஸ் கொண்டுவந்ததும் இல்லை. டொலறஸ் பெட்டியை வாங்கி, திறக்காமல் குளிர்பெட்டியின் மேல் வைத்தாள்.

"லிஸ்ட் எழுதிற்றீங்களே அக்கா?"

"இன்னும் இல்லை."

"ஆரை வேணுமெண்டாலும் எங்கை வேணுமெண்டாலும் போடுங்கோ. என்னைப் போடவே வேண்டாம். நான் கோவிக்கமாட்டன்." அவர் நீட்டிய காலைத் தடவினார். "ஒன்பதாம் நம்பரைப் பற்றி மட்டும் ஒண்டும் எழுதாதேங்கோ. எங்களிட்டைத் தோத்த காரைமுனைக்காரர் இப்பவும் அந்தக் கோப்பையளை மறக்கேல்லை. போன வருசமும் என்னட்டைக் கேட்டவங்கள், 'என்ன றொனால்ட், உம்மடை கால் கப் அடிக்க முந்தி உடைஞ்சதோ, அடிச்ச பிறகு உடைஞ்சதோ' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"சிரிச்சன். வேறை என்ன செய்ய?"

"அப்ப ஏன் உங்கடை பேரை முதலாவதாப் போட விட்டனீங்கள்?"

"நான் போடச் சொல்லேல்லை, மாதா மேலை ஆணை. நிரூபன் கொப்பியோடை வந்து என்னைக் கட்டிப்பிடிச்சான். ஆறு வயசிலை தோப்பன்ரை தோளிலை இருந்து என்ரை பேரைக் கத்தினவனாம். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? உங்கடை மனிசனைப் பாத்தன். அவர், இருக்கட்டும் எண்டிட்டார்."

அவர் போன பிறகும் டொலறஸ் வாசலில் நின்றாள். சொன்னதில் எவ்வளவு உண்மை? வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறவர்களையும் அவள் கண்டிருக்கிறாள். ஆனால் 'உங்கடை மனிசன்' என்றபோது அவர் குரல் இறங்கியது. அது பொய்யாக இருக்க முடியாது. படத்தை மாற்றி ஒட்டியவர் கஸ்பர். கார்ட்டுக்குக் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். உண்மை வெளியே வந்தால் கள்ளன் என்ற பட்டம் றொனால்டுக்கு இல்லை, அவள் வீட்டுக்காரருக்கு.

இதைத் தெரிந்துகொண்டு எப்படி எழுதுவது? தெரிந்துகொண்டு எப்படி எழுதாமல் விடுவது? அந்தப் பெயரைப் போட்டால் கஸ்பர் தலை குனிய வேண்டும். போடாவிட்டால் வாமதேவன் என்ற ஒருவன் விளையாடவே இல்லை என்று அச்சில் ஏறிவிடும், அதுவும் அவள் கையால். கொப்பியைக் கிழித்து எறியலாம். அச்சடித்த புத்தகத்தை ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலிருந்தும் யார் போய் எடுப்பது?

சனிக்கிழமை அவள் ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறி, விக்டோரியாவில் மாறி ஸ்ட்ரெதம் ஹில்லில் இறங்கினாள். வாமதேவன் அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் மனேஜர். வருடம் தவறாமல் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்புகிற சைவக்காரன் அவன் ஒருவன்தான். முகவரி அதில் இருந்தது. நாற்பத்தெட்டு வயது, முன் தலையில் மயிர் இல்லை, வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. ஆனால் கல்லாவிலிருந்து அவன் எழும்பி நடந்த நடை அதே நடை, குதிக்கால் நிலத்தில் படாத நடை. பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். சிரிக்கவில்லை.

"யாரு அனுப்புனாங்க அக்கா?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"கஸ்பர் அண்ணன் அனுப்பாம நீங்க ஈஸ்ட் ஹாமை விட்டு வெளிய வரமாட்டீங்களே. மலர் போடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். வாயத் திறந்துறாதடான்னு சொல்ல வந்திருக்கீங்க. அதான?"

டொலறஸுக்குக் காது மடல் கொதித்தது. கைப்பையைத் திறந்து தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் முதல் வரியை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தான். சிறிது நேரம் வெளியே போகும் பஸ்களைப் பார்த்தான்.

"ஐம்பத்தெட்டு இல்லக்கா. அறுவத்தி ஒண்ணு. மழை பேஞ்ச அன்னிக்கு கொப்பி நனைஞ்சு மூணு கோல் போச்சு."

"தெரியும். அண்டைக்கு நான்தான் கொப்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அந்தக் கடைசி பைனல் ஞாபகம் இருக்கா?"

எப்படி மறப்பாள்? 2001. காரைமுனைக்காரன் ஒருவன் கணுக்காலில் மிதித்தபோது இவன் தன்னை மறந்து, "அய்யோ, மிதிச்சிட்டாங்கண்ணே!" என்று கத்திவிட்டான். மைதானமே ஒரு கணம் நின்றது. காரைமுனை மனேஜர் பக்கத்தில் வந்து, "தம்பி வெள்ளைமுனையிலை எந்த வட்டாரம்?" என்று கேட்டார். இவன் தரையைப் பார்த்தான். "அவனுக்குக் கொன்னை, கதை வராது" என்று கஸ்பர் ஓடிவந்து சமாளித்தார். கோப்பை கிடைத்தது. ஆனால் அடுத்த கோடைக்கு அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தச் சட்டையைத் தோய்த்து மடித்து, புதிதாக வந்தவன் கையில் கொடுத்தது டொலறஸ்தான்.

"நீ ஓம் எண்டால் நான் என்ரை லிஸ்ட்டிலை உன்ரை பேரைப் போடுறன்," என்றாள். "வேண்டாம் எண்டால் நான் லிஸ்ட்டே குடுக்கமாட்டன். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

வாமதேவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நெற்றியில் இருந்த சுருக்கம் மெல்லத் தளர்ந்தது.

"எத்தினியாவதா?"

"மூண்டு."

"மூணா?" தேநீர்க் கோப்பையை வைத்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். "மூணாவதா! அறுவத்தி ஒரு கோல் அக்கா! மொத ரெண்டு யாரு?"

"முதலாவது றொஷான்."

"லெஃப்ட் பேக் றொஷானா? அவர் நாப்பது மட்ச்ல ஒரு கோல் அடிச்சாரு. அதுவும் நம்ம கோலுக்குள்ள!"

"அது ஒரு பிழைதான். ஆனால் பந்தைப் பறிகுடுத்தா அவன் ஒரு நாளும் நிண்டு பாக்கேல்லை. திரும்பி ஓடுவான். அவன்ரை சட்டை ஊத்தை ரண்டு தரம் போட்டாலும் போகாது. உன்ரை சட்டையை நான் தோய்க்காமலே திரும்பத் தந்திருக்கலாம்."

"அப்போ ரெண்டாவது?"

"எமில். நீ அடிச்ச கோலிலை பாதி அவன் தந்த பந்து. நீ அவனுக்கு ஒண்டாவது திருப்பிக் குடுத்தனியே? தனியத் தனிய ஓடுவாய். கேக்கவும் மாட்டாய், குடுக்கவும் மாட்டாய்."

"எப்பிடிக்கா கேக்குறது?" அவன் மேசையில் குனிந்தான். "வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? 'எமில், இங்கிட்டு'ன்னு கூப்பிட முடியாது. 'பின்னால ஆளு'ன்னு சொல்ல முடியாது. ஊமை எப்பிடிக்கா சேந்து வெளையாடுறது? தனியா ஓடத்தான் முடியும். என்னைப் பேச விட்டிருந்தா நான் ஒண்ணு. சந்தேகமே இல்ல."

டொலறஸ் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. இருபத்தைந்து வருடமாக அவனைத் தன்னலக்காரன் என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தாள். அந்தக் கோடைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன: இடது பக்கம் தனியே கை தூக்கிக்கொண்டு நிற்கிறவன், பந்து வராமல் கையைக் கீழே போடுகிறவன். வாய் மூடியபடியே. அவன் சொல்வது சரி. ஆனால் பேசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது யாருக்குத் தெரியும்? அதை ஒருவரும் பார்க்கவில்லையே.

"நான் கண்டதைத்தான் தம்பி எழுதேலும்," என்றாள் கடைசியில். "காணாததை எழுதினால் அவையளின்ரை லிஸ்ட்டுக்கும் என்ரைக்கும் என்ன வித்தியாசம்?"

அவன் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தான். பிறகு எழும்பினான்.

"சரி. மூணாவதாவே போடுங்க. ஆனா பேரப் போடுங்க. வெறும் நம்பர் போதாது, மொத எழுத்து மட்டும் போதாது. என் முழுப் பேரு."

அடுத்த வார ஞாயிறு, தேநீர் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கொமிற்றி மண்டபத்து மூலையில் கூடியது. டொலறஸ் கொப்பித் தாளில் எழுதிய பட்டியலை நிரூபனிடம் கொடுத்தாள். மூன்று நாள் எடுத்து எழுதியது. கஸ்பருக்குக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை, மூன்று நாளும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நிரூபன் சத்தமாக வாசித்தான். "ஒண்டு, றொஷான். ரண்டு, எமில். மூண்டு... வாமதேவன். இலக்கம் ஒன்பது. 97 இலையிருந்து..." அவன் நிறுத்தினான். "அன்ரி, இந்தப் பேர் ஒரு கொப்பியிலையும் இல்லையே. ஒன்பது றொனால்ட் அங்கிள் எல்லே?"

 றொனால்ட்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"ஒரு வழி இருக்கு. பேரை விடுவம். முதலாவது இடத்திலை 'ஒன்பதாம் இலக்கம்' எண்டு மட்டும் போடுவம். என்ரை பேரும் வேண்டாம், ஒருத்தற்றை பேரும் வேண்டாம். அந்தப் பெடியனுக்கு முதலாவது இடம், கழகத்துக்கும் பிரச்சினை இல்லை. என்ன அக்கா?"

நல்ல யோசனைபோலத்தான் இருந்தது. முதலாவது இடம். ஒருவருக்கும் அவமானம் இல்லை. டொலறஸ் கஸ்பரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினார், சரி என்பதுபோல. மூன்று பேரும் அவள் 'ஓம்' என்பதற்காகக் காத்திருந்தார்கள். அவள் எப்போதும் அப்படித்தானே சொல்லியிருக்கிறாள்.

"ஏலாது," என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "ஒன்பதாம் இலக்கம் எண்டால் அது ஒரு சட்டை. அதைத் தோய்ச்சது நான். சட்டை கோல் அடிக்கேல்லை. அவன் முதலாவதும் இல்லை. மூண்டாவது. வாமதேவன். பேர் இல்லாட்டி என்ரை லிஸ்ட்டைத் தாங்கோ, நான் வீட்டை போறன்."

நிரூபன் றொனால்டின் பக்கம் திரும்பினான். முகம் ஆறு வயதுப் பிள்ளையுடையதுபோல ஆகியிருந்தது. "அங்கிள், அந்தக் கோல் எல்லாம் நீங்கள் அடிக்கேல்லையே?"

"ஒண்டும் அடிக்கேல்லையடா," என்றார் றொனால்ட். சொன்ன பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். "கார்ட் மட்டும்தான் என்ரை."

"படம் ஒட்டினது நான்," என்றார் கஸ்பர். அவர் கை கண்ணாடிப் பக்கம் போகவில்லை. "சோற்றுப் பசையாலை. அல்பத்திலை இருந்த படங்களும் என்னட்டைத்தான் கிடக்கு. தாறன், போடு."

"காரைமுனைக்காரர் கோப்பையைக் கேப்பாங்கள், மச்சான்."

"கேட்டால் குடுப்பம். மூண்டும் என்ரை வீட்டுக் கராஜிலைதானே கறுத்துப்போய்க் கிடக்குது."

 நிரூபன் மடிக்கணினியைத் திறந்து, கொமிற்றிப் பட்டியலின் முதல் வரியை அழித்தான். டொலறஸின் பட்டியலைத் தட்டத் தொடங்கினான். மூன்றாவதில் மறுபடி நின்றான்.

"அன்ரி, எல்லாற்றை பேருக்குக் கீழையும் வெள்ளைமுனையிலை எந்த வட்டாரம் எண்டு போட்டிருக்கு. இவருக்கு எந்த ஊர் போட?"

அதை அவள் யோசிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து அழைத்து, மேசையில் வைத்தாள். பின்னால் கார்க் கதவுகள் அடிபடும் சத்தம் கேட்டது.

"தம்பி, உன்ரை பேர் போடீனம். கீழை என்ன ஊர் எண்டு போட?"

"ஊரா?" அவன் யாருக்கோ மிச்சக் காசு கொடுத்துவிட்டு வந்தான். "அப்பா பொறந்தது தோட்டத்துல. நான் பொறந்த எடம் இப்ப இல்ல. அங்க எவனும் எனக்குக் கை தட்டல. ஈஸ்ட் ஹாம்னு போடுங்க அக்கா. உங்க வீட்டுச் சின்ன ரூம்ல இருந்துதான வெளையாடப் போனேன்." கொஞ்சம் நிறுத்தினான். "மூணு மூணுதானா?"

"மூண்டுதான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. எமிலை வேணா..."

கஸ்பர் தாளை எட்டிப் பார்த்துத் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் கைப்பேசிப் பக்கம் குனிந்தார்.

"தம்பி, கஸ்பர் கதைக்கிறன். என்னை ஒன்பதாவதாப் போட்டிருக்கிறா, என்ரை மனிசி. நீ பேசாமல் இரு."

மறுபக்கத்தில் சத்தமே இல்லை. 

"அது இனிமே முடியாதுண்ணே," என்றான் வாமதேவன். "இருங்க, ஒரு கஸ்டமர் வந்திருக்காரு. வச்சுறாதீங்க. எமிலைப் பத்தி நான் இன்னும் பேசி முடிக்கல."